கல்லில் நின்ற விகுதி

நியூயார்க் நகரின் மெட்ரோபாலிட்டன் கலை அருங்காட்சியகத்தில், எகிப்தியக் கலைக்கென ஒதுக்கப்பட்ட பகுதியில், சுண்ணாம்புக்கல்லால் ஆன அரச உருவம் ஒன்று அரியணையில் அமர்ந்திருக்கிறது. அதன் உயரம் 195 செ.மீ. தலையில், எகிப்திய மன்னர்க்கே உரிய 'நெமிஸ்' என்னும் மடிப்புத் துணி. இடையில், மன்னர் அணியும் குறுகிய ஆடை. உடலின் மேற்பகுதியில் ஆடை இல்லை. கைகள் இரண்டும் தொடைகளின்மீது விரிந்து படிந்துள்ளன. எகிப்தை ஆண்ட மன்னர்களைச் சிற்பிகள் நெடுங்காலம் இத்தகைய கோலத்திலேயே செதுக்கி வந்தனர்.

ஆயினும் இவ்வுருவத்தில் ஒரு வேறுபாடு உண்டு. முகம் மோவாயை நோக்கிக் குறுகி மென்மையுற்றுள்ளது, இடை சிறுத்துள்ளது, தோள்கள் ஒடுங்கியுள்ளன. கண்ட அளவில் எழும் ஐயத்தை அரியணையில் பொறிக்கப்பட்டுள்ள எழுத்துகள் தீர்த்து வைக்கின்றன. 'இரு நாடுகளின் தலைவி' என்றும், 'கதிரவனாம் இரே கடவுளின் மகள்' என்றும் அவை கூறுகின்றன. இரு நாடுகள் என்பன மேல் எகிப்தும் கீழ் எகிப்தும் ஆகும். மன்னன் கோலத்தில் அமர்ந்திருப்பவர் ஹாட்ஷெப்சுட் என்னும் பெண்.

சில ஆண்டுகளுக்கு முன், ஒரு கோடை விடுமுறையில் அச்சிலையின் முன் நிற்கும் வாய்ப்பு எனக்குக் கிட்டியது. முகத்தின் அழகைவிட என் கண்ணை ஈர்த்தவை உடலின் குறுக்கே ஓடிய உடைசல் கோடுகளே. இது உடைக்கப்பட்ட சிலை. பின்னர் ஒன்றுசேர்க்கப்பட்ட சிலை. உடைத்தவர் யார்? எதற்காக உடைத்தனர்? மீண்டும் சேர்த்தவர் யார்? இவ்வினாக்களுக்கு விடை தேடியபொழுது, முப்பது ஆண்டுகளாக நான் வகுப்பறையில் கற்பித்துவரும் ஓர் எளிய இலக்கணச் செய்தியை மூவாயிரத்து நானூறு ஆண்டுகளுக்கு முற்பட்ட கல்லில் கண்டேன்.

அரியணை ஏறிய பெண்

ஹாட்ஷெப்சுட் என்னும் பெயருக்கு 'மேன்மைமிகு பெண்டிருள் முதன்மையானவள்' என்பது பொருள். அவர் எகிப்தின் 18ஆம் அரசமரபைச் சேர்ந்த முதலாம் துட்மோஸ் மன்னரின் மகள். இரண்டாம் துட்மோஸ் மன்னரின் மனைவி. கணவர் இறந்தபொழுது, மற்றொரு மனைவியின் வயிற்றில் பிறந்த மூன்றாம் துட்மோஸ் சிறுவனாக இருந்தான். முடி சிறுவனுக்கு உரியதாயிற்று. ஆட்சிப் பொறுப்பை ஹாட்ஷெப்சுட் ஏற்றார். இவ்வாறு அரசன் இளையனாக இருக்கும்பொழுது அரசமாதேவி நாட்டைக் காப்பது எகிப்தியர் அறிந்த வழக்கமே.

ஹாட்ஷெப்சுட் அந்த எல்லையோடு நிற்கவில்லை. மூன்றாம் துட்மோஸின் 7ஆம் ஆட்சியாண்டிற்குள் அவர் மன்னர்க்குரிய பட்டங்கள் அனைத்தையும் சூடிக்கொண்டார். 'மாஅத்கரே' என்னும் அரியணைப் பெயரும் பெற்றார். ஆனால் சிறுவன் துட்மோஸ் நீக்கப்படவில்லை. இருவர் பெயரும் ஒருங்கே வழங்கின. ஏறத்தாழ கி.மு. 1479 முதல் கி.மு. 1458 வரை நீண்ட அக்காலம் எகிப்தின் கட்டடக்கலை செழித்த காலமாகும்.

இன்றைய லக்சர் நகருக்கு எதிரே, நைல் ஆற்றின் மேற்குக் கரையில், தெய்ர் எல்-பஹ்ரி என்னும் இடத்தில் செங்குத்தான பாறைமலையின் அடியில் மூன்று அடுக்கு மேடைகளாக அவர் எழுப்பிய கோயில் இன்றும் நிற்கிறது. அதன் சுவரில், புன்ட் என்னும் தொலைநாட்டிற்கு அவர் அனுப்பிய கப்பல்களும், அங்கிருந்து நறுமணப் பிசின் தரும் மரங்களை வேரோடு கூடைகளில் வைத்துச் சுமந்துவரும் காட்சியும் செதுக்கப்பட்டுள்ளன. கர்னக் கோயிலில் அவர் நிறுத்திய ஒற்றைக்கல் தூண் ஒன்று ஏறத்தாழ 30 மீட்டர் உயரமுடையது. அஸ்வான் பகுதியில் பாறையிலிருந்து அதனை வெட்டியெடுக்கும் பணி ஏழு மாதங்களில் முடிந்ததாக அதன் கல்வெட்டு பெருமிதத்துடன் கூறுகிறது.

தெய்ர் எல்-பஹ்ரி கோயிலுக்கென அவருடைய சிலைகள் ஏராளமாகச் செய்யப்பட்டன. அமர்ந்த சிலைகள், நின்ற சிலைகள், சிங்க உடலும் அரசியின் தலையும் கொண்ட ஸ்பிங்க்ஸ் சிலைகள் எனப் பலவகை. வட்டமான இரு கலங்களைக் கையிலேந்தி மண்டியிட்டிருக்கும் பேருருவங்களும் அவற்றுள் உண்டு. எகிப்திய மன்னன் மனிதர் எவர் முன்பும் மண்டியிடான். கடவுளின் முன் மட்டுமே மண்டியிடுவான். ஆகவே அச்சிலைகள் பணிவைக் காட்டும்பொழுதே அரசுரிமையையும் அறிவித்தன. பல சிலைகளில் மன்னர் அணியும் ஒட்டுத்தாடியும் செதுக்கப்பட்டுள்ளது.

இதனை மாறுவேடம் என்று கொள்வது பொருந்தாது. பெயரையும் பெண்பால் பட்டங்களையும் அதே கல்லில் வெளிப்படையாகப் பொறித்தவர் எதனையும் மறைக்க முயன்றார் என்று சொல்வதற்கில்லை. எகிப்தில் 'பாரோ' என்பது ஒரு பதவி. அப்பதவிக்கு ஆயிரம் ஆண்டுகளுக்கும் மேலாக நிலைபெற்ற ஓர் உருவம் இருந்தது. அவ்வுருவம் ஆணினது. பதவியை ஏற்றவர், பதவியின் உருவத்தையும் ஏற்றுக்கொண்டார்.

இலக்கணம் காட்டிய வழி

ஹாட்ஷெப்சுட் மறைந்த பின்னர் அவருடைய நினைவு அழிக்கப்பட்டது. கோயிற் சுவர்களில் அவர் உருவம் உளியால் கொத்தி நீக்கப்பட்டது. அவர் பெயர் இருந்த இடங்களில் முதலாம் துட்மோஸ், இரண்டாம் துட்மோஸ் ஆகியோர் பெயர்கள் புதிதாக வெட்டப்பட்டன. சிலைகள் கோயிலிலிருந்து அகற்றப்பட்டு, உடைக்கப்பட்டு, அருகிலிருந்த பள்ளங்களில் கொட்டப்பட்டன. பிற்காலத்தில் முதலாம் சேத்தி மன்னர் அபிடோஸ் கோயிலில் தம் முன்னோர் பெயர்களை வரிசையாகப் பொறித்தபொழுது, அப்பட்டியலில் ஹாட்ஷெப்சுட்டின் பெயர் இடம்பெறவில்லை. காலப்போக்கில் எகிப்தியச் சித்திர எழுத்தைப் படிப்பார் எவருமின்றிப் போயினர். எழுத்தே ஊமையானபின், அழிக்கப்பட்ட ஒருவரை எவர் தேடுவர்?

1822ஆம் ஆண்டு பிரெஞ்சு அறிஞர் ஷாம்போலியன் சித்திர எழுத்தைப் படிக்கும் வழியைக் கண்டறிந்தார். 1829ஆம் ஆண்டு அவர் தெய்ர் எல்-பஹ்ரிக்குச் சென்றார். இடிபாடுகளுக்கிடையே எஞ்சியிருந்த சுவர்களைப் படித்தபொழுது அவருக்கு வியப்பு மேலிட்டது. சித்திரத்தில் இருப்பவர் தாடியுடைய மன்னர். ஆனால் அவரைக் குறிக்கும் பெயர்ச்சொற்களும் வினைச்சொற்களும் பெண்பாலில் இருந்தன! எந்த அரசர் பட்டியலிலும் இடம்பெறாத ஒருவர் இங்கே ஆண்டிருக்கிறார் என்பதை அவர் உணர்ந்தார். பெயரை அவரால் சரியாகப் படிக்க இயலவில்லை. முழு உண்மையும் விளங்கவில்லை. ஆயினும் தேடலின் தொடக்கம் அதுவே.

அவருக்கு வழிகாட்டியது எது? எகிப்திய மொழியில் பெண்பாற் சொற்கள் பெரும்பாலும் 'த்' என்னும் ஒலியில் முடியும். 'மகன்' என்பதற்குரிய சொல்லை எழுத ஒரு வாத்தின் உருவத்தை வரைவர். அதனருகே ஒரு சிறு அரைவட்டத்தை இட்டால் 'மகள்' என்றாகிவிடும். ரொட்டித் துண்டைக் குறிக்கும் அவ்வரைவட்டமே 'த்' என்னும் எழுத்து. இரே கடவுளின் மகன் என்பது எகிப்திய மன்னர்கள் நெடுங்காலமாகச் சூடிய பட்டம். ஹாட்ஷெப்சுட்டின் சிற்பிகள் அப்பட்டத்தின் அருகே ஓர் அரைவட்டத்தைச் செதுக்கினர். பட்டம் பழையது, விகுதி புதியது. சில இடங்களில் ஆண்பால் வடிவங்களும் அவருக்கு வழங்கியுள்ளன. எனினும் பெண்பால் விகுதி மீண்டும் மீண்டும் வருகிறது.

அழிக்க வந்தவர்கள் பெரியவற்றைத் தேடினர். முகத்தைக் கொத்தினர், பெயரைச் சூழ்ந்திருந்த நீள்வட்டச் சட்டத்தினுள் வேறு பெயரை வெட்டினர். சொற்களின் இறுதியில் இருந்த விகுதிகளோ பல இடங்களில் அவர்கள் கைக்குத் தப்பின. ஆண் மன்னரின் பெயருக்குக் கீழே பெண்பால் இலக்கணம் அப்படியே நின்றது. அந்த முரண்பாடே பின்வந்தவர்க்குச் சான்றாயிற்று.

பகுபத உறுப்புகளை நடத்தும் ஒவ்வோராண்டும் எவரேனும் ஒரு மாணவர், "ஒரு சொல்லைப் பகுதி, விகுதி என்று பிரித்துப் பார்ப்பதால் என்ன பயன்?" என்று கேட்பதுண்டு. வினா நேர்மையானது. 'வந்தான்', 'வந்தாள்' என்னும் இரு சொற்களுக்கிடையே ஓர் எழுத்தே வேறுபாடு. அவ்வோரெழுத்தில் ஒரு மனிதர் யார் என்பது அடங்கியிருக்கிறது. 'அரசர் வந்தார்' என்று நாம் மதிப்புடன் சொல்லும்பொழுது, வந்தவர் ஆணா பெண்ணா என்பது அச்சொற்களிலிருந்து புலப்படாது. எகிப்தியச் சிற்பி அத்தகைய பொதுவிகுதி ஒன்றைப் பயன்படுத்தியிருப்பின், ஷாம்போலியனுக்கு ஐயமே எழுந்திராது. இப்பொழுதெல்லாம் அவ்வினாவிற்கு விடையாகத் தெய்ர் எல்-பஹ்ரியின் கதையைத்தான் கூறுகிறேன்.

துண்டுகள் சேர்ந்த கதை

சுவரெழுத்து பெயரை மீட்டது. முகத்தை மீட்கும் பணி மண்ணுக்குள் காத்திருந்தது.

1842 முதல் 1845 வரை எகிப்தில் ஆய்வு நடத்திய ஜெர்மானிய அறிஞர் லெப்சியஸ், தெய்ர் எல்-பஹ்ரியில் கிடைத்த சில சிலைப் பகுதிகளைப் பெர்லினுக்குக் கொண்டு சென்றார். நாம் காணும் அமர்ந்த சிலையின் உடற்பகுதி அவற்றுள் ஒன்று. தலையில்லாத அவ்வுடல் எண்பது ஆண்டுகளுக்கும் மேலாகப் பெர்லினில் இருந்தது.

பின்னர், 1920களில் மெட்ரோபாலிட்டன் அருங்காட்சியகத்தின் அகழாய்வுக் குழு, ஹெர்பர்ட் வின்லாக் என்பவரின் தலைமையில் அங்கே தோண்டத் தொடங்கியது. கோயிலுக்கு அருகில் இருந்த பெரும்பள்ளங்களில் சிலைத் துண்டுகள் குவியல் குவியலாக வெளிப்பட்டன. விரல் அளவுத் துண்டும் உண்டு. பலர் சேர்ந்தும் எளிதில் அசைக்க இயலாத கருங்கற் பாளமும் உண்டு. அவற்றை வகைப்படுத்தி, கல்லின் நிறத்தையும் உடைந்த விளிம்பையும் ஒப்புநோக்கி, எத்துண்டு எச்சிலைக்கு உரியது என்று காண்பது பல ஆண்டுப் பணியாக அமைந்தது.

1926 முதல் 1928 வரை நடந்த அகழாய்வில் இந்த அமர்ந்த சிலையின் தலை கிடைத்தது. தலை அமெரிக்கரிடம், உடலோ பெர்லினில். இரு அருங்காட்சியகங்களும் துண்டுகளைப் பரிமாறிக்கொள்ள இசைந்தன. 1929ஆம் ஆண்டு உடற்பகுதி நியூயார்க்கிற்கு வந்து சேர்ந்தது. ஒரே சிலையின் இரு பகுதிகள் மூன்று கண்டங்களைக் கடந்து ஒன்றாயின. அன்றைய நடைமுறைப்படி அகழ்ந்தெடுத்த பொருள்களில் ஒரு பங்கு எகிப்து அரசுக்கு உரியதாயிற்று. ஆதலால் ஹாட்ஷெப்சுட்டின் சிலைகள் பல கெய்ரோ அருங்காட்சியகத்திலும் உள்ளன. ஏழு டன்னுக்கும் மேல் எடையுள்ள கருங்கல் ஸ்பிங்க்ஸ் ஒன்றும், உடைந்த துண்டுகளிலிருந்து இவ்வாறே உருப்பெற்று நியூயார்க்கில் நிற்கிறது.

இங்கு ஒன்றை எண்ணிப் பார்க்க வேண்டும். பள்ளத்தில் எறியப்படாமல் கோயிலிலேயே நின்றிருந்தால் இச்சிலைகளின் நிலை என்னவாகியிருக்கும்? பிற்கால மன்னர்கள் தங்கள் பெயரைப் பொறித்துக்கொண்டிருக்கலாம். கட்டடம் கட்டுவோர் கல்லை எடுத்துச் சென்றிருக்கலாம். மண் மூடியதால் பல துண்டுகள் தப்பின. நெமிஸ் துணியின் மடிப்புகளில் தீட்டப்பட்ட நீல, மஞ்சள் வண்ணங்களின் சுவடுகள்கூட இச்சிலையின் தலைப் பின்புறத்தில் எஞ்சியுள்ளன. கர்னக்கில் அவர் நிறுத்திய தூணின் கதையும் இத்தகையதே. அதன் கீழ்ப்பகுதியை மறைத்துச் சுவர் எழுப்பப்பட்டது. மறைத்த சுவரே எழுத்துகளைக் காத்தது.

சினமா, சடங்கா?

சிலைகள் வெளிப்பட்டதும் ஒரு கதை உருவாயிற்று. தன் அரியணையைப் பறித்த சிற்றன்னையின்மீது மூன்றாம் துட்மோஸ் தீராச் சினம் கொண்டிருந்தான். அவர் இறந்ததும் பழிதீர்த்துக்கொண்டான் என்பது அக்கதை. அறிஞர் பலர் நெடுங்காலம் இதனை நம்பினர். பேராசை பிடித்த பெண்ணாகவும் ஹாட்ஷெப்சுட்டைச் சித்திரித்தனர். சுவையான கதைதான், ஆனால் சான்றுகள் அதற்கு முழுமையாக இடந்தரவில்லை.

1966ஆம் ஆண்டு சார்லஸ் நிம்ஸ் என்னும் ஆய்வாளர், அழிவு நிகழ்ந்த காலத்தை ஆராய்ந்தார். அது ஹாட்ஷெப்சுட் மறைந்தவுடன் நிகழவில்லை. ஏறத்தாழ இருபது ஆண்டுகள் கழித்து, மூன்றாம் துட்மோஸின் ஆட்சிக்கால இறுதிப் பகுதியில் நிகழ்ந்தது என்பது தெளிவாயிற்று. கொதிக்கும் சினம் இருபது ஆண்டுகள் காத்திருக்குமா? தன் மகனுக்கு அரியணை தடையின்றிக் கிட்ட வேண்டும் என்னும் அரசியல் நோக்கமே காரணமாகலாம் எனக் கருதுவோர் உளர்.

2025ஆம் ஆண்டு டொராண்டோ பல்கலைக்கழகத்தைச் சேர்ந்த ஜுன் யி வோங் என்பவர் மேலும் ஒரு படி சென்றார். அவர் புதிதாக எதனையும் தோண்டவில்லை. 1922 முதல் 1928 வரை அகழாய்வு செய்தோர் எழுதிவைத்த களக்குறிப்புகளையும், எடுத்துவைத்த ஒளிப்படங்களையும் மீண்டும் படித்தார். சிலைகளுள் பல கழுத்து, இடை, முழங்கால் ஆகிய இடங்களில் உடைக்கப்பட்டிருந்தன. முகங்கள் பல சிதையாமல் இருந்தன. வெறுப்பினால் உடைப்பவர் முதலில் முகத்தையல்லவா சிதைப்பர்? எகிப்தியர் சிலைக்கு உயிராற்றல் உண்டென நம்பினர். பயன்பாட்டிலிருந்து நீக்கும் சிலையின் ஆற்றலைத் தணிக்க இவ்வாறு உடைக்கும் சடங்கு இருந்தது. பிற மன்னர்களின் சிலைகளும் அவ்வாறு உடைக்கப்பட்டுள்ளன. ஹாட்ஷெப்சுட்டின் சிலைகள் பலவற்றிற்கும் அதுவே நேர்ந்தது என்றும், சில சேதங்கள் பிற்காலத்தார் கல்லை வேறு பணிக்குப் பயன்படுத்தியதால் உண்டானவை என்றும் அவர் கூறினார். அதே வேளையில், சுவர்களில் அவர் பெயரும் உருவமும் குறிவைத்து நீக்கப்பட்டன என்பதை அவர் மறுக்கவில்லை. அழிவு உண்மை, அதன் காரணம் ஒற்றைச் சொல்லில் அடங்குவதன்று.

எனக்கு இச்செய்தியில் ஆறுதல் தருவது ஒன்றுண்டு. சிற்றன்னைக்கும் மகனுக்கும் இடையே கட்டப்பட்ட பகைக்கதை, இருவருக்குமே அநீதி செய்தது. ஒருவரைப் பேராசைக்காரி என்றது. மற்றவரை வன்மம் நிறைந்தவர் என்றது. இருவரும் மறுத்துப் பேச இயலாதவர்கள். இறந்தவர்க்கு நாம் செய்யக்கூடிய நீதி, சான்று சொல்லும் அளவே சொல்வதுதான்.

படிப்போர் கையில் உள்ளது

ஹாட்ஷெப்சுட்டை மீட்டவர்களைத் தொகுத்து எண்ணிப் பார்க்கிறேன். 'மகன்' என்னும் சொல்லருகே அரைவட்டம் செதுக்கிய பெயர் தெரியாத சிற்பி. அதனைக் கண்டு வியந்த மொழியறிஞர். பள்ளத்தில் கிடைத்த துண்டுகளுக்கெல்லாம் குறிப்பெழுதிவைத்த அகழாய்வாளர். நூறாண்டுக்குப் பின் அக்குறிப்பைப் புதிய கண்ணோடு படித்த ஆய்வாளர். இவர்கள் ஒருவரையொருவர் அறியார். ஒருவர் தம் பணியைக் கவனத்துடன் செய்து வைத்தமையால், அடுத்தவர் தொடர முடிந்தது. விரல் அளவுத் துண்டுதானே என்று குறிப்பெழுதாமல் விட்டிருந்தால், பழைய கதையே உண்மையாக நிலைத்திருக்கும்.

மாணவர்களே, உங்களில் சிலர் வரலாற்றாய்வாளராகலாம். சிலர் மருத்துவராக, பொறியாளராக, அலுவலராக ஆகலாம். எத்துறையிலும் உங்கள் முன் எழுத்துகள் வரும். அவற்றுள் பெரிய எழுத்தில் இருப்பவற்றை எல்லாரும் படிப்பர். பெயரை மாற்றி எழுதியவர்கள், படிப்போர் அவ்வளவில் நின்றுவிடுவர் என்றே எண்ணியிருப்பர். அவர்கள் கணக்கு பொய்த்தது, சொல்லின் இறுதிவரை படித்த ஒருவரால்.